டாம் வெர்லைன்: ஒரே ஆல்பத்து ஆளா?

போன வாரம் கேன்டீனில் ஒரு சண்டை. பெரிய சண்டை இல்லை, டீ ஆறும் வரைக்கும்தான். பங்க் காலத்துக் கிதார்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் டாம் வெர்லைன் பெயரைச் சொன்னேன். எதிரே இருந்த நண்பன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "அவர் ஒரே ஆல்பத்து ஆளுடா. அதுக்கப்புறம் தனியா பண்ணதெல்லாம் நஷ்டக் கணக்கு."

பி.காம் படிக்கிறவன் வாயில் வேறென்ன வரும்! நானும் அதே பெஞ்ச்தான் என்பதால் அந்தக் கணக்கையே எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. தாமஸ் மில்லர் என்பது இயற்பெயர். 1949-இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். பிரெஞ்சுக் கவிஞர் பால் வெர்லைன் மேல் இருந்த பிடிப்பில் அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். நியூயார்க்கில் டெலிவிஷன் என்ற குழு. 1974-இல் சிபிஜிபி என்ற சின்ன பாரில் வாசிக்கத் தொடங்கினார்கள். 1977-இல் 'மார்க்கீ மூன்' வந்தது. நண்பன் சொல்லும் அந்த "ஒரே ஆல்பம்" இதுதான். இத்தனைக்கும் இதுவே அன்றைக்கு அமெரிக்காவில் விற்கவில்லை. பிரிட்டனில் மட்டும் 28-ஆம் இடம் வரை போனது. அடுத்த வருடம் இரண்டாவது ஆல்பம், அதோடு குழு உடைந்தது.

பங்க் என்றால் மூன்று கார்டு, இரண்டு நிமிடம், காதைக் கிழிக்கும் சத்தம் என்றுதான் நினைப்போம். வெர்லைன் வாசிப்பில் அது எதுவும் கிடையாது. இரைச்சல் ஏற்றாத சுத்தமான ஒலி. ஒரு சுரத்தில் நின்று அதை லேசாக நடுங்க விடுவார். நம் ஊர்க் காதுக்குக் கமகம் போலக் கேட்கும். சிறுவயதில் பியானோவும் சாக்ஸபோனும் கற்றவர், ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அவர் கையில் இருந்த ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர்கூட அந்த நாளில் மவுசு இழந்து, பழைய விலைக்கு மலிவாகக் கிடைத்த கிதார்தான். (இன்றைக்கு அதன் விலையைப் பார்த்துவிடாதீர்கள்.)

டெலிவிஷனின் பலமே இரண்டு கிதார்கள் பேசிக்கொள்வதுதான். ஒரு பக்கம் வெர்லைன், மறுபக்கம் ரிச்சர்ட் லாய்ட். ஒருவர் கேட்க இன்னொருவர் பதில் சொல்வது மாதிரி. அப்படியானால் தனியாக வந்த பிறகு யாரோடு பேசுவது?

1979-இல் தன் பெயரிலேயே வந்த முதல் தனி ஆல்பத்தைக் கேட்டால் அதற்குப் பதில் கிடைக்கிறது. கிதார் இப்போது பேசுவது அவருடைய குரலோடு. வெர்லைனுக்குப் பெரிய குரல் வளமில்லை. இழுத்து, நெரித்து, பாதி பேச்சாகப் பாடுவார். எனக்கே பிடிபட ஒரு மாதம் ஆனது. ஆனால் வரி முடிகிற இடத்தில் கிதார் நுழைந்து, குரல் விட்டதை எடுத்துச் சொல்லும்போது, அந்தக் குரல் அப்படி இருப்பதும் சரிதான் என்று படுகிறது. பத்து நிமிட ஏற்றங்கள் போய்விட்டன. நாலு நிமிடப் பாட்டுக்குள் சின்னச் சின்ன வாக்கியங்கள்.

அதில் உள்ள 'கிங்டம் கம்' பாட்டை டேவிட் போவி 1980-இல் 'ஸ்கேரி மான்ஸ்டர்ஸ்' ஆல்பத்தில் பாடினார். அது பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பம். வாசிக்கவும் வெர்லைனை அழைத்திருந்தார்கள். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி பின்னாளில் சொன்ன கதைப்படி, வந்தவர் சரியான ஒலி வேண்டும் என்று ஆம்ப்ளிஃபையர்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டே இருந்தாராம், பொழுதே போய்விட்டதாம்! இந்த ஆளை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி லாபம் பார்க்கும், சொல்லுங்கள். ஆனால் பாட்டு எழுதியவருக்கு ராயல்டி உண்டு. தன் ஆல்பம் விற்காவிட்டாலும் தன் பாட்டு இன்னொருவர் ஆல்பத்தில் ஏறி லட்சக்கணக்கில் போகலாம். நண்பனின் கணக்கில் முதல் விடுபட்ட பதிவு இது.

1981-இல் 'ட்ரீம்டைம்'. தனி ஆல்பங்களில் கிதார் மிக அடர்த்தியாக இருப்பது இதில்தான். டெலிவிஷன் பிடித்தவர்களுக்கு உடனே பிடிக்கும். எனக்கு அதைவிட 1982-இல் வந்த 'வேர்ட்ஸ் ஃப்ரம் தி ஃப்ரண்ட்'. மொத்தமே ஏழு பாட்டு. தலைப்புப் பாட்டு போர்முனையிலிருந்து ஒரு சிப்பாய் எழுதும் கடிதம். வீரவசனம் இல்லை, அழுகையும் இல்லை. சேறு, களைப்பு, சாவு. அவன் சொல்லாமல் விட்டதையெல்லாம் கிதார் சொல்கிறது. பங்க் தலைமுறை கோபத்தைக் கத்திச் சொன்னது. அதே தலைமுறைக்காரர் ஒருவர் அதைத் தணிந்த குரலில் சொல்லிக் கேட்பவனை அதிகம் கலங்க வைக்க முடியும் என்று எனக்குத் தெரிந்தது இந்தப் பாட்டில்தான். கடைசிப் பாட்டு 'டேஸ் ஆன் தி மவுண்டன்' ஒன்பது நிமிடத்துக்குக் கிட்ட. இரவு விளக்கணைத்துவிட்டுக் கேளுங்கள்.

அடுத்த மூன்றையும் வேகமாகக் கடந்துவிடலாம். 1984-இல் 'கவர்', 1987-இல் 'ஃப்ளாஷ் லைட்', 1990-இல் 'தி வொண்டர்'. 'கவர்' ஆல்பத்தில் எண்பதுகளின் சிந்தசைசர் வாசனை தூக்கல். 'ஃப்ளாஷ் லைட்' நன்றாகவே இருக்கும். 'தி வொண்டர்' விஷயத்தில் நண்பனோடு சண்டை போடப் போவதில்லை, அவன் சொன்னது சரி என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் 1992! 'வார்ம் அண்ட் கூல்'. பாட்டே இல்லை, குரலே இல்லை, முழுக்கக் கிதார். டெலிவிஷனின் டிரம்ஸ்காரர் பில்லி ஃபிக்கா கூட வாசித்திருக்கிறார். ஆள் நடமாட்டமில்லாத ரயில் நிலையத்தில் நள்ளிரவில் உட்கார்ந்திருப்பது போன்ற இசை. ஒரு சுரம் அடித்துவிட்டு அது அடங்கும் வரை காத்திருக்கிறார். 1977-இல் பத்து நிமிடம் ஏறி ஏறிப் போன அதே மனிதர்! முதல் தனி ஆல்பத்தில் குரலோடு பேசத் தொடங்கிய கிதார், பதின்மூன்று வருடம் கழித்து மௌனத்தோடு பேசுகிறது. இது சரிவு என்றால் எனக்குச் சரிவுக்கு அர்த்தம் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கணக்குப்பதிவியலில் முதல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? வியாபாரம் வேறு, முதலாளி வேறு. இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுதக்கூடாது. எலெக்ட்ரா, வார்னர், ஃபோன்டானா என்று கம்பெனி மாறிக்கொண்டே வந்தது, அவர்கள் புத்தகத்தில் நஷ்டமாகவே இருந்திருக்கட்டும். நண்பன் பார்த்தது அந்தப் புத்தகம். வெர்லைனின் புத்தகத்தில் வரவு வேறு: யாருக்காகவும் 'மார்க்கீ மூன்' இரண்டாம் பாகம் போடாமல், தனக்குக் கேட்ட ஒலியின் பின்னால் போக முடிந்தது. யு2 குழுவின் எட்ஜ் போன்றவர்கள் டெலிவிஷனிலிருந்து கற்றுக்கொண்டு ஸ்டேடியம் ஸ்டேடியமாக நிரப்பினார்கள். இவர் நினைத்திருந்தால் முயன்றிருக்கலாம்.

அதற்குப் பிறகு தனி ஆல்பமே இல்லாமல் பதினான்கு வருடம். 2006-இல் ஒரே சமயத்தில் இரண்டு: 'சாங்ஸ் அண்ட் அதர் திங்ஸ்' பாட்டோடு, 'அரவுண்ட்' பாட்டில்லாமல். அவ்வளவுதான், அதோடு தனி ஆல்பம் நின்றுவிட்டது. 2023 ஜனவரி 28 அன்று நியூயார்க்கில் காலமானார், வயது 73. பழைய புத்தகக் கடைகளே கதி என்று இருந்த மனிதர். அவர் சேர்த்து வைத்திருந்த சுமார் 50,000 புத்தகங்கள் அந்த வருடமே புரூக்ளினில் விற்பனைக்கு வந்தன.

நண்பனுக்கு 'வார்ம் அண்ட் கூல்' அனுப்பியிருக்கிறேன். இன்னும் கேட்கவில்லையாம், காஸ்டிங் இன்டர்னல் முடியட்டும் என்கிறான். நீங்கள் புதிதாகத் தொடங்குவதானால் 'ட்ரீம்டைம்' முதலில், பிறகு 1982 ஆல்பம். 'வார்ம் அண்ட் கூல்' மூன்றாவதாக வரட்டும், அவசரப்படாதீர்கள்.