சுருக்குவது வேறு, சிறிதாக வரைவது வேறு

இந்த முறை கொஞ்சம் தொழில் பேசப் போகிறேன். "அப்படி என்னதான் வேலை உனக்கு?" என்று ஊரிலிருந்து யார் வந்தாலும் கேட்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, அல்சூரில் வாடகைக்கு வீடு பிடித்து உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குக் கணக்குப் பக்கங்களைக் கோத்துக் கொடுக்கிறேன் என்றால் யாருக்கும் புரிவதில்லை. எனவே அந்த வேலையில் ஒரே ஒரு துளியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் கதையைச் சொல்கிறேன்.

அந்தத் துளி இதுதான்: ஒரு படத்தைக் குறிப்பிட்ட அகலத்துக்குள் அடக்குவது. மூலையைப் பிடித்து இழுத்தால் முடிந்தது, இதில் என்ன கதை என்று தோன்றும். ஆனால் இதன் பின்னால் 300 வருஷத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது. அது நம்ம பக்கத்துக் கடற்கரையில்தான் ஆரம்பிக்கிறது.

தரங்கம்பாடியில் பெருத்த எழுத்து

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழில் அச்சடிக்க ஆசைப்பட்டார். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்துகளை வார்த்து, 1713-ல் கப்பலில் அனுப்பி வைத்தார்கள். எழுத்து வந்தது. ஆனால் ரொம்பப் பெரிசு. அந்த அளவில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட, இருக்கிற காகிதம் போதாது. காகிதமும் கப்பலில்தான் வரவேண்டும்.

என்ன செய்தார்கள்? இருந்த எழுத்தைச் சுருக்க வழியில்லை. ஈய எழுத்தை மூலையைப் பிடித்து இழுக்க முடியாதே! எனவே தரங்கம்பாடியிலேயே புதிதாகச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பதிவு இருக்கிறது. 1715-ல் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பக்கத்திலேயே பொறையாறில் ஒரு காகித ஆலையும் வைத்தார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம், சின்ன எழுத்து வேண்டுமென்றால் அதைச் சின்னதாகவே செதுக்கியாக வேண்டும் என்பதுதான். அப்படிச் செதுக்குகிறவன் இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக விடுவான், மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்குவான். சிறிய அளவிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. ஈய எழுத்துக் காலம் முழுக்க, ஒவ்வொரு அளவும் ஒரு தனி எழுத்தாகவே இருந்தது.

கேமரா வந்தது, சோம்பலும் வந்தது

படங்கள் விஷயத்தில் நிலைமை சீக்கிரமே மாறிவிட்டது. ஓவியர் இந்தியன் இங்க்கில் பெரிய அட்டையில் வரைவார். பிளாக் எடுக்கிறவர் கேமராவில் அதைச் சுருக்கி, துத்தநாகத் தகட்டில் அரித்துக் கொடுப்பார். அப்போது ஓவியருக்குச் சொல்லித் தரும் முதல் பாடம்: பாதியாகச் சுருங்கப் போகிற படம் என்றால் எழுத்தை இரண்டு மடங்காக எழுது, கோட்டை இரண்டு மடங்கு தடிப்பாகப் போடு. அதாவது கேமரா சுருக்குவதை ஓவியர் முன்கூட்டியே ஈடுகட்டி விடுவார்.

பிறகு ஒளியச்சுக் கோப்பு வந்தது. ஒரே பிலிம் எழுத்தை லென்ஸ் மூலம் எந்த அளவுக்கும் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். செலவு மிச்சம். அழகுதான் போச்சு.

1977-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் கனூத், தன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த புரூஃபைப் பார்த்து நொந்துபோனார். 1969-ல் ஈய எழுத்தில் வந்த முதல் பதிப்பு எவ்வளவு லட்சணம், இது என்ன கோலம்! 'நானே ஒரு மென்பொருள் எழுதிவிடுகிறேன்' என்று உட்கார்ந்தார். அப்படிப் பிறந்ததுதான் டெக். கூடவே எழுத்துருக்களையும் கணக்காலேயே வரைந்தார். அதில் ஈயக் கால நியாயத்தை மறுபடி கொண்டுவந்தார். அவருடைய 5 பாயிண்ட் எழுத்து, 10 பாயிண்ட் எழுத்தின் பாதி அல்ல. அகலம் கொஞ்சம் கூட, தடிமன் கொஞ்சம் கூட. தரங்கம்பாடியில் ஈயத்தில் செய்ததை அவர் எண்களில் செய்தார் என்று சொல்லலாம்.

கோடு போடத் தெரியாத டெக்

ஆனால் டெக்குக்குப் படம் வரையத் தெரியாது. லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் லாடெக் செய்தபோது, சின்னச் சின்னப் படம் போட ஒரு வசதி கொடுத்தார். அதில் கோட்டின் சாய்வுக்கு 6 வரையிலான முழு எண்கள்தான் எடுபடும். உள்ளீடற்ற வட்டம் 40 பாயிண்டுக்கு மேல் பெருக்காது. ஏனென்றால் அந்தக் கோடும் வட்டமும்கூட எழுத்துருவிலிருந்து எடுத்து ஒட்டியவைதான்! இருந்தாலும் அதில் ஒரு நல்ல யோசனை ஒளிந்திருந்தது. 'ஓர் அலகு என்றால் இத்தனை மில்லிமீட்டர்' என்று தலைப்பில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அலகை மாற்றினால் படம் பெருக்கும், சிறுக்கும். உள்ளே இருக்கும் எழுத்து மட்டும் தன் அளவிலேயே நிற்கும்.

அடுத்து 1984-ல் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் வந்தது. எந்தப் படத்தையும் எந்த அளவிலும் மழுங்காமல் அச்சிடலாம் என்ற நிலைமை வந்தது. 1994-ல் வந்த புதிய லாடெக்கோடு சேர்ந்த ஒரு தொகுப்பில் 'ரீசைஸ்பாக்ஸ்' என்ற கட்டளையும் வந்தது. எதை வேண்டுமானாலும் அதற்குள் போட்டு, அகலத்தைச் சொன்னால் போதும். படம், எழுத்து, கோடு எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து அந்த அகலத்துக்குள் திணித்துவிடும். கேமரா மறுபடி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இந்த முறை ஈடுகட்டி வரையும் ஓவியர் இல்லை.

1990-களில் வியட்நாமிலிருந்து செக் நாட்டுக்குப் படிக்கப்போன ஹான் தே தான், டெக்கிலிருந்து நேராக பிடிஎஃப் எடுக்கும் வழியைச் செய்தார். (நம்மை மாதிரி ஊர்விட்டுப் போன ஆள்தான்!) அதுவரை இருந்த வரைகலைத் தொகுப்புகள் போஸ்ட்ஸ்கிரிப்டை நம்பியிருந்ததால் புது வழியில் ஓடவில்லை. 2003-ல் தன் ஆய்வேட்டுக்குப் படம் போடவேண்டிய கட்டாயத்தில் ஜெர்மானியரான டில் டான்டாவ் ஒரு சின்னக் கருவி எழுதினார். அது வளர்ந்து டிக்ஸ் ஆனது. பெயரின் ஜெர்மன் விரிவு, 'டிக்ஸ் ஒரு வரையும் மென்பொருள் அல்ல' என்பது. குறும்புக்காரர். மவுஸால் இழுக்க முடியாது, 'இங்கிருந்து அங்கே கோடு, நடுவில் இந்த எழுத்து' என்று வாக்கியமாக எழுதவேண்டும் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் 2002 செப்டம்பரிலும், மறுபடி 2011-லும் உலக டெக் பயனர் மாநாடுகள் நடந்தன. உலகத்துக் கணக்குப் புத்தகங்களில் எவ்வளவோ, சென்னை, புதுச்சேரி, பெங்களூரு, திருவனந்தபுரம் என்று நம்மவர்கள் கையால் பக்கமாகின்றன. அட்டையில் பெயர் வராது, அவ்வளவுதான்.

84 மில்லிமீட்டர் கணக்கு

சரி, நடைமுறைக்கு வருவோம். ஸ்பிரிங்கர் மாதிரிப் பதிப்பகங்கள் படத்துக்கு 84, 174 மில்லிமீட்டர் என்று அகலம் வகுத்திருக்கின்றன. கூடவே, எழுத்து 8 முதல் 12 பாயிண்டுக்குள் இருக்கவேண்டும், கோடு 0.1 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்றும் சொல்கிறார்கள்.

ஒரு மாணவர் 168 மி.மீ. அகலத்தில், 10 பாயிண்ட் எழுத்தில் படம் வரைந்திருக்கிறார். ரீசைஸ்பாக்ஸில் போட்டு 84 ஆக்குகிறார். எழுத்து 5 பாயிண்ட் ஆகிவிட்டது. டிக்ஸின் வழக்கமான கோடு 0.4 பாயிண்ட். அது 0.2 ஆகி, 0.07 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. திரையில் பார்க்கப் பளபளவென்று இருக்கும். அச்சில் கோடு இருக்கிறதா என்று தேடவேண்டும்.

சரியான வழி, டிக்ஸிடமே 'அளவு இத்தனை' என்று சொல்வது. அது லாம்போர்ட்டின் பழைய அலகு மாதிரி, புள்ளிகளின் இடத்தை மட்டும் நெருக்கும். எழுத்தையும் கோட்டுத் தடிமனையும் தொடாது. ஆனால் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 120 மி.மீ. படத்தை 84 ஆக்க 84-ஐ 120-ஆல் வகுத்து 0.7 என்று போடுகிறார்கள். வருவது 84 அல்ல! எழுத்து சுருங்கவில்லையே, ஓரத்தில் இருக்கும் எழுத்தின் அகலம் அப்படியேதானே நிற்கும்.

இதற்கு எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். அளவு 1-ல் 120 மி.மீ., அளவு 0.5-ல் 70 மி.மீ. வருகிறது என்று வையுங்கள். பாதி சுருக்கியதில் 50 குறைந்திருக்கிறது. ஆகவே சுருங்குகிற பகுதி 100, சுருங்காத எழுத்துப் பகுதி 20. நமக்கு வேண்டியது 84. அதில் 20 போக 64. எனவே அளவு 0.64. முன்பு போட்ட 0.7-க்கு 90 மி.மீ. வந்து, படம் பத்தியைத் தாண்டி 6 மி.மீ. துருத்திக்கொண்டு நின்றிருக்கும்.

இன்னொரு பொடி விஷயம். டெக்கின் அங்குலத்தில் 72.27 பாயிண்ட், போஸ்ட்ஸ்கிரிப்டின் அங்குலத்தில் 72. ஒருவர் அமெரிக்க அச்சுக்காரர்களின் பழைய அளவை வைத்துக்கொண்டார், இன்னொருவர் முழு எண்ணாக்கிக்கொண்டார். 84 மி.மீ. என்பது டெக்கில் 239 பாயிண்ட். அதே 239-ஐ வேறொரு மென்பொருளில் கொடுத்தால் 84.3 மி.மீ. ஆகிவிடும். 'ஒரு மயிரிழைதானே' என்பீர்கள். எங்கள் தொழிலில் மயிரிழைக்குத்தான் சம்பளம் :-)

சிற்பியின் அங்குலம்

இதெல்லாம் ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்கவேண்டாம். நம் சிற்பிகளின் தாள முறையைப் பாருங்கள். உத்தம தசதாளம் என்றால், சிலையின் உயரத்தை 124 பங்காகப் பிரிப்பார்கள். ஒரு பங்குதான் அந்தச் சிலைக்குரிய அங்குலம். முகம் இத்தனை, மார்பு இத்தனை என்று எல்லாம் அந்த அங்குலத்தில்தான். ஒரு சாண் செப்புத் திருமேனிக்கும் ஆளுயரக் கற்சிலைக்கும் வாய்ப்பாடு ஒன்றே, அங்குலம்தான் வேறு. அலகை மாற்றினால் உருவம் மாறும் என்ற டிக்ஸ் யோசனை இதுதானே?

எங்கள் ஊர்ப் பக்கம், கன்னியாகுமரியில் கணபதி ஸ்தபதி உருவாக்கிய வள்ளுவர் 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்டார். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. இங்கே அல்சூர் ஏரிக்கரையில் இருப்பவர் அளவில் ரொம்பச் சின்னவர். 1991-லிருந்து 18 வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ல்தான் வெளிச்சம் பார்த்தார். கடலுக்கு நடுவே தூரத்திலிருந்து அண்ணாந்து பார்க்க ஒரு வள்ளுவர், சாலையோரம் நடக்கிறபோது பக்கத்தில் பார்க்க இன்னொரு வள்ளுவர். அதை அப்படியே இதுவாகச் சுருக்கியிருந்தால் முகத்தில் பாதி தெரிந்திருக்காது.

புள்ளி போனால்

இவ்வளவு தூரம் எழுதியதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. இங்கே நம் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கிறது. யாரோ நல்ல மனசோடு படம் போட்ட ஒரு பயிற்சித்தாள் தயாரித்தார்கள். வாயின் படம்: உதடு, நாக்கு, பல். தாள் மிச்சமாகட்டும் என்று நாலு படத்தை ஒரு பக்கத்தில் சுருக்கி நகல் எடுத்திருந்தார்கள். என் பெண் வாசித்தாள்: "உதடு, நாககு, பல."

புள்ளி மறைந்துவிட்டது! ஆங்கில எழுத்து 5 பாயிண்டில் மங்கும், ஆனால் ஓரளவு ஊகித்துவிடலாம். தமிழில் முதலில் சாவது புள்ளிதான். அடுத்தது கெ, கே இரண்டையும் பிரிக்கிற அந்தச் சின்னச் சுழி. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், படித்தவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். உண்மைதான். ஏனென்றால் அவர்கள் அந்தச் சொல்லைக் காதால் ஏற்கெனவே கேட்டவர்கள். நீங்களும் நானும் அந்தத் தாளைப் பார்த்தால் "பல்" என்றுதான் வாசிப்போம். கண் காணாத புள்ளியை மனசு வைத்துவிடும். வெளியே கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு அந்த மனசு எங்கிருந்து வரும்? அவளுக்குத் தமிழ் என்றால் அந்தத் தாளில் இருப்பதுதான்.

2004-ல் ஜோனாதன் கியூ சீடெக் செய்த பிறகு, யூனிகோட் தமிழை டெக் பக்கத்திலேயே நேராகத் தட்டலாம். டிக்ஸ் படத்துக்குள்ளும் போடலாம். அந்த நாலு படத்தையும் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து டிக்ஸில் எழுதினேன். அரைப் பக்க அகலத்துக்குக் கோடுகள் நெருங்கின, எழுத்து 11 பாயிண்டிலேயே நின்றது. இடித்துக்கொண்ட பெயர்களை வெளியே தள்ளி அம்புக்குறி போட்டேன். இரண்டு இடத்தில் பெயரே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். சிறிதாக வரைவது என்றால் எதை விடலாம் என்று முடிவு செய்வதும்தான். அந்த முடிவை எந்தக் கட்டளையும் எடுத்துத் தராது.

உங்கள் ஊரில், துபாயோ டொராண்டோவோ, பிள்ளைகளுக்குத் தமிழ்த் தாள் அச்சிடுகிறீர்கள் என்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். நகல் எடுக்கும் முன், தமிழ் தெரியாத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, இதில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நம் கண்ணை இந்த விஷயத்தில் நம்பக்கூடாது.