ஒப்புக்குச் சப்பாணி

நான் படித்த பள்ளியில் வாரத்துக்கு இரண்டு முறை பி.டி. பீரியட் வரும். மணி அடித்ததும் வகுப்பே மைதானத்துக்கு ஓடும். நான் மட்டும் மெதுவாக நடந்து போய்ப் புங்கமரத்தடியில் உட்காருவேன். எல்லோருடைய கைக்கடிகாரங்களும் வளையல்களும் என் மடிக்கு வந்து சேரும். இரண்டு வயதில் வந்த போலியோவால் என் இடது கால் மெலிந்துபோயிருந்தது. "நீ உக்காரும்மா, உனக்கெதுக்கு இந்த வெயில்ல" என்று உடற்கல்வி ஆசிரியர் அன்பாகத்தான் சொல்வார். ஐந்து வருடங்கள் அந்த அன்பின் நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

தெருவில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. தெருப்பிள்ளைகள் என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள், ஒப்புக்குச் சப்பாணியாக. ஒப்புக்குச் சப்பாணி ஆட்டத்தில் இருப்பாள், கணக்கில் இருக்க மாட்டாள். அவள் யாரைத் தொட்டாலும் அவுட் கிடையாது, அவளை யார் தொட்டாலும் அவுட் கிடையாது. அழுகிற தங்கைக்கும் விருந்துக்கு வந்த வீட்டுக் குழந்தைக்கும் கொடுக்கிற இடம் அது. சப்பாணி என்றால் கால் ஊனமானவர். மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு சாயங்காலத்துக்கான பட்டம். எனக்கு மட்டும் மறுநாளும் அதே பெயர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே காலோடுதான் தினமும் விடியற்காலையில் தெருமுனை அடிபம்பில் ஆறு குடம் தண்ணீர் அடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் யாரும் என்னிடம் "நீ உக்காரும்மா" என்று சொன்னதில்லை. மைதானத்துக்கு லாயக்கில்லாத உடம்பு அடிபம்புக்கு மட்டும் எப்படி லாயக்கானது? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே முப்பது வயது கடந்துவிட்டது. அதன் பிறகுதான், உடல் ஊனமுற்றவர்கள் விளையாடத் தொடங்கிய வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அந்த வரலாற்றைப் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டிவில் மருத்துவமனையிலிருந்துதான் தொடங்குவார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து 1939இல் தப்பி வந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் அங்கே முதுகுத்தண்டுவடக் காயத்துக்கான பிரிவைத் தொடங்கினார். அதுவரை தண்டுவடம் அறுபட்டவர்களைப் பற்றி மருத்துவ உலகம் பெரிதாக நம்பிக்கை வைத்ததில்லை. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். குட்மன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். புண் ஆறியதும் எழுந்து உட்காரச் சொன்னார். பிறகு விளையாடச் சொன்னார். விளையாட்டை அவர் பொழுதுபோக்காகப் பார்க்கவில்லை, சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்தார். வில்லை இழுத்தால் தோளும் முதுகும் வலுப்பெறும், உட்காரும்போது உடல் சாயாமல் நிற்கும்.

1948 ஜூலை 29 அன்று, லண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கிய அதே நாளில், அந்த மருத்துவமனைப் புல்வெளியில் ஒரு வில்வித்தைப் போட்டி நடந்தது. சக்கர நாற்காலியில் வந்து கலந்துகொண்டவர்கள் 16 பேர். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பாராலிம்பிக்.

இந்தக் கதையை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்த 16 பேரில் 14 பேர் ஆண்கள், 2 பேர் பெண்கள் என்பதை எல்லாக் குறிப்புகளும் சொல்கின்றன. ஏன் அப்படி என்று கேட்டவர்கள் குறைவு. பதில் எளிதானது. போரில் காயம்பட்டு வரப்போகும் சிப்பாய்களுக்காகத் தொடங்கப்பட்ட பிரிவு அது. நாட்டுக்காகக் காலை இழந்தவனை நாடு மூலையில் போட்டுவிட முடியாது. அவன் மறுபடியும் சம்பாதிக்க வேண்டும், வரி கட்ட வேண்டும், குடும்பத் தலைவனாக இருக்க வேண்டும். அவனுடைய உடற்பயிற்சிக்குப் பின்னால் ஒரு தேசமே நின்றது. கிணற்றில் விழுந்த பெண்ணுக்கும், மரத்திலிருந்து விழுந்த பெண்ணுக்கும், போலியோ வந்த சிறுமிக்கும் அப்படி யார் நிற்பார்கள்? குட்மன் பெண்களை ஒதுக்கிவிடவில்லை. முதல் நாளிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். ஆனாலும் ஆணின் உடலை மீட்பதற்காகக் கட்டிய வீட்டில் பெண் விருந்தாளியாகத்தான் நுழைந்தாள்.

1960இல் ரோமில் நடந்த போட்டிகள்தான் முதல் பாராலிம்பிக் என்று பிறகு கணக்கிடப்பட்டன. பிரிட்டனுக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தவர் ஒரு பெண், மார்கரெட் மாகன். ஆசிரியராக ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தபோது 1959இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். ஸ்டோக் மாண்டிவில்லில் வில்லைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு அடுத்த ஆண்டே ரோமுக்குப் போனார். வில்வித்தையில் தங்கம் வென்றார். நீச்சலிலும் ஒரு தங்கம் கிடைத்தது. அந்த நீச்சலில் அவருடைய பிரிவில் போட்டியிட்டவர் அவர் ஒருவர்தான். நீந்திக் கரை சேர்ந்தாலே தங்கம்.

முதலில் இதைப் படித்தபோது சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. எதிரே நீந்த இன்னொரு பெண் இல்லாத குளம் அது. மற்ற பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவரவர் ஊர்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

ரோம் கிராமத்தில் தங்கும் கட்டடங்கள் தூண்கள் மீது உயரமாக நின்றன. படியேற முடியாத வீராங்கனைகளையும் வீரர்களையும் இத்தாலியச் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. உலகமே கைதட்டிய போட்டியிலும் படிக்கட்டு அப்படியே இருந்தது. உடலைத்தான் தூக்கினார்கள்.

இந்தப் படிக்கட்டைப் பற்றி யோசித்தவர்களில் ஒருவர் விக் ஃபிங்கல்ஸ்டைன். தென்னாப்பிரிக்காவில் கோலூன்றித் தாண்டும்போது விழுந்து கழுத்து முறிந்து, சிகிச்சைக்காக ஸ்டோக் மாண்டிவில்லுக்கு வந்தவர். ஊர் திரும்பி, நிறவெறிக்கு எதிராகப் போராடிச் சிறை சென்று, பிறகு பிரிட்டனுக்கே குடிபெயர்ந்தார். அவரும் தோழர்களும் சேர்ந்து நடத்திய சங்கம் 1976இல் ஒரு சிறு ஆவணத்தை வெளியிட்டது. கால் இயங்காமல் இருப்பது உடலின் குறை. ஆனால் ஒருவரை முடக்குவது அந்தக் குறை அல்ல, அதைக் கணக்கில் எடுக்காமல் கட்டப்பட்ட சமூகம் என்பது அதன் சாரம். பெண்ணியம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கருப்பை இருப்பது உடல். அதைக் காரணம் காட்டிச் சமையலறையில் நிறுத்துவது சமூகம். இரண்டும் ஒரே கணக்குதான்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரலாறு இருக்கிறது. கொச்சியில் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்த மேரி வர்கீஸ், 1954இல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நடக்கும் திறனை இழந்தார்.  இனி என்ன என்று ஊர் கேட்டிருக்கும். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நின்றுகொண்டுதான் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்பது உடலின் விதி அல்ல, மேஜை உயரத்தின் விதி. பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தனக்கான மறுவாழ்வுப் பயிற்சியையும், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவப் படிப்பையும் முடித்துத் திரும்பினார். வேலூரில் அதற்கென்று ஒரு துறையை வளர்த்தெடுத்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தானே சக்கர நாற்காலியில் வந்து, படுத்திருப்பவரிடம் "எழுந்து உட்காருங்கள்" என்று சொல்லும் மருத்துவர் அவர். அந்தச் சொல்லும் என் ஆசிரியர் சொன்ன "உக்காரும்மா"வும் ஒன்றல்ல.

1972இல் மேரி வர்கீஸுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் முரளிகாந்த் பெட்கர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவர் 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர். இங்கேயும் வரலாறு சிப்பாயிடமிருந்தே தொடங்குகிறது. பாராலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண், 2016 ரியோவில் குண்டெறிதலில் வெள்ளி வென்ற தீபா மாலிக். இடையில் 44 ஆண்டுகள். அந்த 44 ஆண்டுகளில்தான் நானும் பிறந்து, மரத்தடியில் உட்கார்ந்து, பள்ளிப் படிப்பை முடித்தேன்.

இந்தத் தேடலில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை பதக்கங்கள் அல்ல, ஆட்ட விதிகள். சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இரண்டு முறை தரையில் பட்டு எழும்பலாம். மைதானமும் வலையும் மாறவில்லை, ஒரே ஒரு விதி மாறியது. உட்கார்ந்து ஆடும் கைப்பந்தில் ஆடுகளம் சிறிதாகும். பெண்களுக்கான வலையின் உயரம் 1.05 மீட்டர். போரில் பார்வை இழந்தவர்களுக்காக 1946இல் உருவான கோல்பால் ஆட்டத்தில் பந்துக்குள் மணி இருக்கும். ஆடுகிற எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்வார்கள், ஓரளவு பார்வை உள்ளவரும்கூட. பார்க்கிறவர்கள் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். ஆட்டத்தை ஆடுபவருக்கு ஏற்றபடி மாற்றிவிட்டு, அதன் பிறகு கறாராகப் புள்ளி எண்ணுகிறார்கள். ஒப்புக்குச் சப்பாணியில் நேர்மாறாக நடந்தது. எனக்காக எந்த விதியும் மாறவில்லை, என் புள்ளியை மட்டும் எண்ணாமல் விட்டார்கள்.

இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், விளையாட்டில் பங்கேற்பது உரிமை என்கிறது. பயிற்சித் திட்டங்களையும் வசதிகளையும் அதற்கேற்ப மாற்றியமைக்கச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதல்களில் முதன்முறையாக ஊனமுற்றவர்களுக்கெனத் தனிப் பரிந்துரைகள் இடம்பெற்றன. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம். மற்ற எல்லோருக்கும் சொல்லும் அதே அளவு. ஊனம் இருந்தால் ஓய்வெடு என்று அதில் இல்லை. முடிந்ததிலிருந்து தொடங்கு, கொஞ்சம் செய்தாலும் நல்லது என்றுதான் இருக்கிறது.

2024 பாரிஸ் பாராலிம்பிக் பாட்மிண்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வென்றார்கள். மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள். அன்றிரவு டிவி முன்னால் நான் அழுதேன். ஆனால் பதக்கம் வாங்கினால்தான் மைதானத்தில் இடம் என்றால், அது இன்னொரு வாசல்படி. சாதாரணமாக விளையாடித் தோற்கவும், வியர்த்து வீட்டுக்கு வரவும் ஊனமுற்ற பெண்ணுக்கு உரிமை வேண்டும்.

அதற்கு என்ன தடை என்று கேட்டால், சாய்தளம் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் சாய்தளம் மட்டும் போதாது. மைதானத்தில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லையென்றால், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வரும் பெண் எப்படி ஆடுவாள்? கூட்டிப்போக ஆள் வேண்டுமென்றால், அம்மாவின் வேலை முடியும்வரை மகள் காத்திருக்க வேண்டும். "விழுந்து கிழுந்து வெச்சா அப்புறம் எவன் கட்டிப்பான்" என்ற பயம் வேறு. என் அம்மாவும் அதைச் சொன்னவர்தான். விழுந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்த அம்மா, பாசி படிந்த அடிபம்பு மேடையில் நான் வழுக்கி விழுவேன் என்று பயந்ததில்லை. வேலையில் விழுந்தால் அது விதி, விளையாட்டில் விழுந்தால் அது திமிர்.

போன வருடம் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் பிள்ளைகள் சாக்பீஸால் கோடு போட்டு, பிளாஸ்டிக் மட்டையால் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். துணி எடுக்கப் போன நான் நின்று பார்த்தேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, "அத்தை, வரீங்களா?" என்றாள். என் காலைக் காட்டினேன். அவள் போய் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து கோட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். "உக்காந்தே அடிங்க. உங்களுக்கு ரெண்டு பிட்ச். ஆனா அவுட்டுன்னா அவுட்டுதான், அழக்கூடாது."

சக்கர நாற்காலி டென்னிஸ் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஐந்தாவது பந்தில் நான் அவுட். "அத்தை அவுட்!" என்று மாடியே கத்தியது. என் வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் ஆட்டத்தில் நான் அவுட்டானேன். மட்டையை அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, என் முறை மறுபடியும் எப்போது வரும் என்று கேட்டேன்.