தூங்கி எழுந்ததும் உடம்பில் தடிப்பு: இரவில் கடித்தது எது?

காலையில் எழுந்து பார்த்தால் கையில் நாலைந்து சிவந்த தடிப்புகள். இரவில் எதுவும் கடித்த ஞாபகம் இல்லை. இதற்குப் பெரியவர்கள் 'காணாக்கடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கடி இருக்கிறது, கடித்ததைக் காணோம். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது, பல்லி ஊர்ந்துவிட்டது என்று சொல்லி, கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவதுதான் பல வீடுகளில் வழக்கம்.

ஒரு நாள் தடிப்பென்றால் அது போதும். வாரக்கணக்கில் தொடரும்போதுதான் தொல்லை. காரணம் தெரியாமலேயே ஒருவர் மெத்தைக்கு மருந்தடிக்கிறார், இன்னொருவர் கடையில் கிடைக்கும் களிம்பை வாங்கிப் பூசுகிறார். சிரங்குக்கு மெத்தையில் மருந்தடித்துப் பயனில்லை. மூட்டைப்பூச்சிக்கு உடம்பில் களிம்பு பூசினாலும் கடி நிற்காது. தடிப்பை மட்டும் பார்த்து இன்ன பூச்சி என்று அடித்துச் சொல்வது மருத்துவருக்கே சிரமம். அரிப்பு எந்த நேரத்தில் கூடுகிறது, உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடி கிடைக்கும்.

முதலில் மூட்டைப்பூச்சி. மலாயில் 'பிஜாட்'. வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர் இருக்கும். தட்டையாக, பழுப்புச் சிவப்பில், ஏறக்குறைய ஆப்பிள் விதை போலத் தெரியும். தூங்கும்போது போர்வைக்கு வெளியே இருக்கும் கை, கழுத்து, முகம், கால் ஆகிய இடங்களில்தான் கடிக்கும். ஒரே வரிசையில் மூன்று நான்கு தடிப்புகள் இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் வரிசையாக இல்லை என்பதற்காக அது மூட்டைப்பூச்சி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கடிக்கும்போது வலிக்காது. சிலருக்குத் தடிப்பு தெரியவே பல நாளாகும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரே கட்டிலில் மனைவிக்கு உடம்பெல்லாம் தடித்திருக்க, கணவர் "என்னை ஒன்றும் கடிக்கவில்லையே" என்று சொல்வது இதனால்தான். அவரையும் கடித்திருக்கும்.

ஆகவே மெத்தையைச் சோதிப்பதே நல்லது. கைத்தொலைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு மெத்தையின் தையல் ஓரம், கட்டில் சட்டத்தின் இடுக்கு, தலைமாட்டுப் பலகையின் பின்புறம், சோபாவின் மடிப்பு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். பேனா மைத் துளி போன்ற கரும்புள்ளிகள், விரிப்பில் சிறு இரத்தக்கறை, உரித்துப்போட்ட தோல், வெள்ளை முட்டை ஆகியவையே தடயங்கள். யாரோ வெளியே வைத்துவிட்டுப் போன மெத்தையையும் நாற்காலியையும் வீட்டுக்குள் கொண்டுவரும் பழக்கம், பயணம் போய்வந்த பை, விருந்தாளியின் மூட்டை ஆகிய எதனுடனும் இது வந்துவிடும். அசுத்தத்தால் வருவதில்லை, சுத்தமான வீட்டிலும் ஓட்டலிலும் உண்டு. நோய் எதையும் பரப்புவதாக இதுவரை நிரூபணமாகவில்லை என்பது ஓர் ஆறுதல்.

கடையில் விற்கும் சாதாரணத் தெளிப்பு மருந்துகளுக்கு இந்த வட்டார மூட்டைப்பூச்சிகளில் பல அசைந்து கொடுப்பதில்லை. புகை மருந்து வைத்தால் இன்னும் ஆழமான இடுக்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சூடுதான் அதற்கு எமன். விரிப்பு, தலையணை உறை, துணிமணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம், அல்லது துணி வெளுக்கும் கடையின் உலர்த்தும் இயந்திரத்தில் நல்ல சூட்டில் அரை மணி நேரம் ஓட்டலாம். அதிகமாகப் பரவிவிட்டால் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழைப்பதே செலவைக் குறைக்கும்.

அடுத்தது சொறி சிரங்கு. மலாயில் 'கூடிஸ் பூத்தா'. அதிகம் கவலைப்படவேண்டியது இதைப் பற்றித்தான், மறைக்கப்படுவதும் இதுவே. இதற்குக் காரணம் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் உண்ணி. அது மெத்தையில் வாழ்வதில்லை. தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடுகிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புளைச் சுற்றி, பிட்டம், ஆண்களுக்குப் பிறப்புறுப்பு என்று மூடியிருக்கும் இடங்களில் அரிக்கும். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரும். இரவில் அரிப்பு கூடுவதால் மெத்தையைச் சந்தேகிப்பது இயல்பு.

முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் வரை ஆகலாம். அதற்குள் அவரிடமிருந்து வீட்டில் மற்றவர்களுக்கும் போய்விடுகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை பள்ளி விடுமுறைக்கு வந்து போனபின், ஒரு மாதம் கழித்துப் பாட்டி சொறிய ஆரம்பித்தால் இரண்டையும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது. நெருக்கமாகப் படுத்துறங்கும் தொழிலாளர் குடியிருப்பு, முதியோர் இல்லம் ஆகிய இடங்களிலும் இதே கதைதான்.

மருந்து கடினமானதல்ல. பெர்மெத்ரின் 5 விழுக்காட்டுக் களிம்பைக் கழுத்திலிருந்து கால் விரல் வரை, நக இடுக்கு உட்பட, இரவில் பூசிக் காலையில் கழுவி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூசவேண்டும். அரிக்கும் இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் வேலை செய்யாது. இன்னொன்று, அரிக்கிறதோ இல்லையோ வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் பூசவேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அப்பா மட்டும் ஒதுங்கிக்கொண்டால், அடுத்த மாதம் எல்லாருக்கும் மீண்டும் வரும். அன்றே துணி, விரிப்புகளை வெந்நீரில் துவைத்து, துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைக்கலாம். குணமானபிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துப் பூசிக்கொண்டே போகக்கூடாது. கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் பூசவேண்டாம்.

அரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தானாக வாங்கிப் பூசுவது ஆபத்து. அரிப்பு குறைந்ததுபோல் இருக்கும், உள்ளே உண்ணி பெருகும். சொறிந்த புண்ணில் கிருமி சேர்ந்தால் பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் வரை பாதிக்கலாம். சிரங்கோடு முகம் வீங்கி, சிறுநீர் கருத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மூன்றாவது, கடிக்காமலே சுடும் பூச்சி. வயல்களை ஒட்டிய வட்டாரங்களில், குறிப்பாகப் பினாங்கு பெருநிலப் பகுதியின் அடுக்குமாடிகளில், 'சார்லி' என்றும் 'செமுட் காயாப்' என்றும் சொல்லப்படும் வண்டு இது. பார்க்க எறும்பு மாதிரி, ஒரு சென்டிமீட்டருக்குள், ஆரஞ்சும் கறுப்பும் கலந்த நிறம். நெல் அறுவடை முடிந்ததும் விளக்கு வெளிச்சத்தைத் தேடிக் கூட்டமாக வீடுகளுக்குள் வரும். தூக்கத்தில் கை பட்டு நசுங்கினால் அதன் உடலில் உள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் படும். ஒன்றிரண்டு நாள் கழித்துத் தீக்காயம்போல் நீளமாகச் சிவந்து கொப்புளிக்கும். முழங்கை மடிப்பில் பட்டால் இரண்டு பக்கமும் ஒரே அச்சு விழுந்திருக்கும். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் என்று சொல்லப்படுவது பல சமயம் இதன் வேலைதான். மேலே ஊர்ந்தால் அடிக்கக்கூடாது. ஊதிவிட்டு அல்லது தாளில் ஏற்றி அப்புறப்படுத்தி, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். அதே கையால் கண்ணைத் தொடக்கூடாது.

காயாப் என்றால் மலாயில் அக்கி. தமிழர்களிடம் காவி கரைத்து அக்கி எழுதும் பழைய வழக்கம் உண்டு. சார்லி பட்ட புண்ணும் உண்மையான அக்கியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும். கொப்புளத்துக்கு முன்பே அங்கே வலியும் எரிச்சலும் இருக்கும். அதற்கான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். காவி எழுதிக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

பூனை வளர்க்கும் வீட்டில் கணுக்காலைச் சுற்றி மட்டும் புள்ளிகள் இருந்தால் தெள்ளுப்பூச்சி. சன்னல் ஓரம் புறா கூடு கட்டியிருந்து, குஞ்சுகள் பறந்துபோனபின் கடி தொடங்கினால் பறவை உண்ணி. கூட்டை அகற்றினால் நின்றுவிடும். வெளியே காயப்போட்ட துணியில் ஒட்டிய கம்பளிப்பூச்சி முடியும் இப்படித் தடிக்க வைக்கும்.

பூச்சியே இல்லாமலும் தடிக்கும். தடிப்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைத்து, மறுநாள் பார்க்கலாம். அது மறைந்து வேறிடத்தில் புதிதாக வந்திருந்தால் பெரும்பாலும் ஒவ்வாமைத் தடிப்பு. மெத்தையைப் புரட்டிப் பலனில்லை. உதடு வீங்கினால், மூச்சு திணறினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் காலில் சொறிந்த புண்ணை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அரசாங்கக் கிளினிக்கிற்குப் போகும்போது, பூச்சி ஏதும் அகப்பட்டால் ஒளிபுகும் ஒட்டுநாடாவில் ஒட்டி எடுத்துப் போகலாம். தடிப்பு புதிதாக இருக்கும்போதே கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைக்கலாம். வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது என்பதை, கேட்காவிட்டாலும், மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும்.