டிராம்வேன்னு பேர் வச்ச ரயிலும் சல்ஃபைடு தெரு ஸ்டேஷனும்

ரயில் ஓடாத ஸ்டேஷன்னா எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. கூகுள் மேப்புல கோடு கோடா தேடிக்கிட்டே போவேன், தண்டவாளம் எங்கயாவது பாதியில நின்னுதுன்னா அன்னிக்குத் தூக்கம் போச்சு. அப்படி மாட்டினதுதான் ஆஸ்திரேலியாவில் இருக்கிற புரோக்கன் ஹில். சுரங்க ஊர். ஊருக்குள்ள சல்ஃபைடு தெருன்னு ஒரு தெரு, அதுல ஒரு பழைய ஸ்டேஷன். (பக்கத்துத் தெருக்களுக்கும் குளோரைடு, ஆக்சைடு, அயோடைடுன்னுதான் பேரு. ப்ளஸ் டூ வேதியியல் பாடம் மாதிரி இருக்கும்.)

1883-இல் அங்கே ஒரு ஆட்டுப் பண்ணையில் வேலி பார்க்கிற வேலையில் இருந்தவர் சார்லஸ் ராஸ்ப். கரடுமுரடான ஒரு குன்றைப் பார்த்துட்டு இதுல தகரம் இருக்கும்னு நினைச்சார். இருந்தது வெள்ளி, ஈயம், துத்தநாகம். ஏழு பேர் சேர்ந்து பங்கு போட்டாங்க. 1885-இல் அது கம்பெனியாச்சு, இன்னிக்கு பி.ஹெச்.பி.ன்னு உலகம் பூரா தெரிஞ்ச அதே கம்பெனிதான்.

தாது கிடைச்சாச்சு, வெளியே எடுத்துட்டுப் போகணுமே? இங்கேதான் கதை சூடு பிடிக்குது. ஊர் இருக்கிறது நியூ சவுத் வேல்ஸ் எல்லைக்குள்ள. ஆனா சிட்னி ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல. பக்கத்துல இருக்கிறது தெற்கு ஆஸ்திரேலியாதான், அதோட எல்லை கூப்பிடு தூரம். அவங்களும் எல்லையில் இருக்கிற கோபர்ன் வரைக்கும் 1887-இல் தண்டவாளம் போட்டுட்டாங்க. "மிச்சத்தையும் நாங்களே போட்டுக்கிறோம்"னு கேட்டா, நியூ சவுத் வேல்ஸ் அரசு மாட்டேன்னுடுச்சு. அடுத்த காலனியோட ரயில் நம்ம மண்ணுல ஓடறதா! தானும் போடல, போடறவனையும் விடல. நதிநீர் சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதுசா என்ன :-)

கடைசியில ஒரு தனியார் கம்பெனிக்கு 1886-இல் அனுமதி கொடுத்தாங்க. பேரு சில்வர்டன் டிராம்வே. பேருல மட்டும்தான் டிராம். ஓடினது மூணரை அடி அகலத் தண்டவாளத்துல நீராவி இஞ்சின் இழுக்கிற முழு ரயில். மொத்தமே 36 மைல்தான். 1888 ஜனவரியில ஓட ஆரம்பிச்சது. தாது இந்த வழியா கோபர்ன் போய், அங்கேயிருந்து போர்ட் பிரீ துறைமுகத்துக்குப் போகும். பெரிய பெரிய அரசு ரயில்வேக்கள் நஷ்டக் கணக்கு எழுதின காலத்துல இந்தக் குட்டிக் கம்பெனி நல்லா சம்பாதிச்சது. பின்னே, வேற வழியே இல்லையே! சிட்னியில இருந்து நேரடி ரயில் வந்து சேர்ந்தது 1927-இல்தான். நாற்பது வருஷம் சல்ஃபைடு தெரு ஸ்டேஷன்தான் அந்த ஊருக்கு வாசல்.

இதுல பாவம் சில்வர்டன் ஊர். ரயிலுக்கே அந்த ஊர்ப் பேருதான். ஆனா ரயில் வர்றதுக்குள்ள அங்கே வெள்ளி தீர ஆரம்பிச்சு, சனங்க புரோக்கன் ஹில்லுக்குக் கிளம்பிட்டாங்க, பலர் வீட்டையே பிரிச்சுக் கையோட எடுத்துக்கிட்டு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் 1909. கம்பெனி கூலியைக் குறைக்கப் பார்த்து கதவடைப்பு. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த தொழிற்சங்கத் தலைவர் டாம் மானைக் கைது பண்ணி, நியூ சவுத் வேல்ஸ்ல கூட்டத்துல பேசக்கூடாதுன்னு நிபந்தனை போட்டு ஜாமீன்ல விட்டாங்க. தொழிலாளிங்க என்ன பண்ணாங்க தெரியுமா? ஸ்பெஷல் ரயில் பிடிச்சு கும்பலா கோபர்னுக்குப் போயிட்டாங்க. அங்கே கால் வச்சா வேற மாநிலம். மனுஷன் அங்கே நின்னு பேசினார்! எந்த எல்லைக் கோடு ரயிலை மறிச்சதோ, அதே கோட்டை இவங்க தங்களுக்கு சாதகமா ஆக்கிக்கிட்டாங்க.

அடுத்தது சிரிக்கிற விஷயம் இல்ல. 1915 ஜனவரி 1. புத்தாண்டு பிக்னிக். தாது ஏத்துற திறந்த வேகன்களில் பெஞ்சு போட்டு, கிட்டத்தட்ட 1,200 பேர், குடும்பம் குடும்பமா, சில்வர்டனுக்குக் கிளம்பினாங்க. ஊரைத் தாண்டி கொஞ்ச தூரத்துல ஒரு ஐஸ்கிரீம் வண்டி நிக்குது, மேல துருக்கிக் கொடி. மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து ரெண்டு பேர் சுட ஆரம்பிக்கிறாங்க. வேடிக்கைக்கு சுடறாங்கன்னு முதல்ல நினைச்சவங்க உண்டு. அன்னிக்கு செத்தவங்க நாலு பேர், அதுல ஒரு பொண்ணுக்கு வயசு 17. சுட்டவங்க ரெண்டு பேரும் போலீசும் ராணுவமும் சுத்தி வளைச்சதுல முடிஞ்சு போனாங்க.

பத்திரிகைங்க 'துருக்கியர்'னு எழுதித் தள்ளின. ரெண்டு பேருமே துருக்கியர் இல்ல. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் பக்கத்துல இருந்து ஒட்டகம் ஓட்ட வந்தவங்க. முல்லா அப்துல்லா, கறிக்கடையும் வச்சு தொழுகையும் நடத்தினவர். அனுமதி இல்லாத இடத்துல ஆடு அறுத்தார்னு சில நாள் முன்னாடிதான் தண்டனை. குல் முகமது, சுரங்க வேலை போய் ஐஸ்கிரீம் வித்தவர். சுல்தானுக்காகன்னு கடிதம் எழுதி வச்சிருந்தாங்க. அப்துல்லா கடிதத்துல சுகாதார ஆய்வாளர் மேல இருந்த கோபமும் இருந்தது. பிக்னிக் போன பிள்ளைகளைச் சுட்டதுக்கு எந்தக் குறையும் சமாதானம் ஆகாது. அன்னிக்கு ராத்திரி கூட்டம் கொளுத்தினது ஜெர்மன் கிளப்பை, சம்பந்தமே இல்லாம! அணைக்க வந்தவங்க ஹோஸையும் வெட்டினாங்க. ஒட்டகக்காரங்க குடியிருப்புக்கும் கிளம்பினாங்க, நல்லவேளை போலீஸ் தடுத்துடுச்சு. மறுநாள் 'எதிரி நாட்டான்'னு சுரங்கத்துல பலருக்கு வேலை காலி.

மிச்சம் சுருக்கமா. அகலத் தண்டவாளம் வேற தடத்துல வந்ததும் 1970-இல் டிராம்வே மூடினாங்க. நம்ம கோலார்ல இதுக்கு நேர்மாறு. 2001-இல் தங்கச் சுரங்கத்தை மூடின பிறகும் மாரிக்குப்பத்திலிருந்து ரயில் ஓடுது, பெங்களூருக்கு வேலைக்குப் போறவங்களோட. புரோக்கன் ஹில்ல தாது இன்னும் வருது, போனது ஸ்டேஷன்தான். சல்ஃபைடு தெருக் கட்டடம் இப்போ மியூசியம், பழைய இஞ்சின்கள் நிக்குது. சில்வர்டன் பக்கத்துப் பொட்டல்ல 'மேட் மேக்ஸ் 2' எடுத்தாங்க. அப்புறம், புரோக்கன் ஹில் கடிகாரம் இன்னிக்கும் சிட்னியை விட அரை மணி நேரம் பின்னாடிதான். அடிலெய்டு நேரம்.