படிக்க முடியாத ஜாதகம்

மாடர்ன் ஆர்ட் என்று சொன்னாலே நம்மில் பாதிப் பேருக்கு ஒரு நமுட்டுச் சிரிப்பு வரும். "நாலு கோடு, ரெண்டு வட்டம், இதுக்கு லட்ச ரூபாயா?" என்பது நிரந்தர டயலாக். அந்த நாலு கோட்டுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் எழுதப்பட்டது நம்ம திருவான்மியூருக்குக் கொஞ்சம் தெற்கே, ஈ.சி.ஆரில். வாங்க, பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் வெளிநாட்டுச் சமாச்சாரம். பிரிட்ஜெட் ரைலி என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1961-ல் ஒரு படம் வரைந்தார். சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், அவ்வளவுதான். கட்டங்களின் உயரம் மாறவே மாறாது; அகலம் மட்டும் நடுப்பகுதியை நோக்கிக் குறைந்துகொண்டே போய் மறுபடி கூடும். புரோகிராமர் பாஷையில் சொன்னால் ஒரு லூப், ஒரே ஒரு வேரியபிள். ஆனால் பார்க்கிறவருக்குத் தட்டையான பலகை உள்ளே மடங்கிப் போவது போலத் தெரியும். குறுகிக்கொண்டே போகும் கட்டத்தைப் பார்த்தால், 'இது வளைந்து தூரமாகப் போகிறது' என்று மூளை தானாக முடிவு கட்டிவிடுகிறது. இந்த வகைக்கு 'ஆப் ஆர்ட்' என்று பெயர் வந்தது. ஆப் என்றால் ஆப்டிகல். 1965-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இதற்கென்றே பெரிய கண்காட்சி வைத்தது. கூட்டம் அம்மியது. கூடவே துணிக்கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள். தன் ஓவியம் கவுன் துணியில் டிசைனாக வந்ததைப் பார்த்து ரைலி கொதித்துப் போனார்.

இப்போது மெட்ராஸ். எழும்பூர் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு ஓவியக் கல்லூரிக்கு 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான்: பாரிஸைக் காப்பி அடிக்காமல், அதே சமயம் அஜந்தாவையும் காப்பி அடிக்காமல், ஒரு இந்தியன் நவீனமாக வரைய முடியுமா? கேட்க சுலபம். அந்தத் தலைமுறை ஓவியர்கள் எல்லோருமே இதில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்தான்.

பணிக்கருக்கு விடை கிடைத்தது 1963-ல். ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம்தான் பொறி என்று அவரே சொல்லியிருக்கிறார். சமன்பாடுகள், எண்கள், முக்கோணங்கள். கணக்காகப் பார்க்காமல் படமாகப் பார்த்தால் அந்தப் பக்கம் எப்படி இருக்கும்? அப்படி ஆரம்பித்ததுதான் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை. முதலில் ரோமன் எழுத்து, கணிதக் குறிகள். பிறகு மலையாள எழுத்தின் சாயல், ராசிக் கட்டம், அட்டவணை, ஊடே மீன், பாம்பு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஜாதகம் மாதிரியே இருக்கும். வரி வரியாக எழுத்து ஓடும். கட்டம் போட்டுப் பிரித்திருக்கும். கிட்டே போய்ப் படிக்க முயன்றால் ஒன்றும் தேறாது. மலையாளிக்கும் தேறாது! பெரும்பாலும் அவை எழுத்து மாதிரி இருக்கிற கோடுகள், அவ்வளவே. ஆனாலும் கண் விடாது. அடுத்த வரியிலாவது அர்த்தம் கிடைக்குமா என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

ரைலியின் கட்டம் அசையவில்லை, ஆனால் அசைவது போலத் தெரிகிறது. பணிக்கரின் எழுத்து எதையும் சொல்லவில்லை, ஆனால் சொல்வது போலத் தெரிகிறது. அங்கே ஏமாறுவது கண். இங்கே ஏமாறுவது நம் எழுத்தறிவு. என்னைப் பொறுத்தவரை இரண்டாவது இன்னும் ஆழமான மாயை. பணிக்கரை யாரும் ஆப் ஆர்ட் பட்டியலில் சேர்ப்பதில்லை, சேர்க்கவும் வேண்டாம். ஆனால் ஜாதகக் கட்டத்தைப் பார்த்ததும் 'இதில் என்னைப் பற்றி என்னவோ எழுதியிருக்கிறது' என்று பதறுகிற ஊரில் இந்த ஓவியம் வேலை செய்கிற விதமே தனி. 'இதெல்லாம் நம்ம கோலத்திலேயே இருக்கு சார்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வது சுலபம். பணிக்கர் அந்தச் சுலப வழியில் போகவில்லை. பழைய வடிவத்தை எடுத்தார், அதன் அர்த்தத்தைக் கழற்றினார், வடிவம் மட்டும் என்ன செய்யும் என்று பார்த்தார்.

அவரோடு சேர்ந்த கூட்டம் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியது. அப்போது அங்கே மணலும் சவுக்கும்தான். ஓவியம் விற்காது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பாட்டிக் துணி மாதிரி கைவினைப் பொருட்கள் செய்து விற்று வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஓவியம் துணியானபோது ஓவியருக்குக் கோபம் வந்தது. இங்கே துணிதான் ஓவியத்துக்குச் சோறு போட்டது!

கே.வி. ஹரிதாசன் இதே வட்டத்தைச் சேர்ந்தவர். ஸ்ரீசக்கரத்தில் ஒன்பது முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டி 43 சின்ன முக்கோணங்கள் ஆகும் இல்லையா, அந்த யந்திர ஜியாமிதியைப் பளிச்சென்ற வண்ணத்தில் நவீன ஓவியமாக்கினார்.

பணிக்கர் 1977-ல் காலமானார். 2009-ல் சோழமண்டலத்திலேயே மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்கென்று ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். மகாபலிபுரம் போகிற வழியில் அரை மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். 'புரியவில்லை' என்று தோன்றினால் கவலை வேண்டாம். புரியப் போகிறது, இதோ புரியப் போகிறது என்று ஒரு நிமிடம் நிற்கிறீர்கள் பாருங்கள், பணிக்கர் வரைந்ததே அந்த ஒரு நிமிடத்தைத்தான் :-)