கல்வெட்டும் உளநலமும்



கல்வெட்டு என்றதும் கோயிற் சுவரிற் பொறித்த சாசனமே பலர் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் அச்சொல்லுக்கு மற்றுமொரு பொருளுண்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நிகழும் அந்தியேட்டியின்போது, அவர்மீது பாடி அச்சிட்டு வழங்கும் சிறு நூலும் கல்வெட்டே. எங்கள் நயினாதீவிலும் அயற்றீவுகளிலும் இவ்வழக்கம் நன்கு வேரூன்றியது.

இறந்த நாளைக் குறிக்கும் திதி வெண்பாவும், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என விரியும் பாட்டுக்களும் அதில் இடம்பெறும். ஊர்ப் புலவரோ தமிழாசிரியரோ வீட்டாரோடு உட்கார்ந்து, இறந்தவர் பிள்ளைகளை எப்படி அழைப்பார், எதை விரும்பி உண்பார் என்றெல்லாம் கேட்டறிந்து பாட்டாக்குவார். அவற்றுட் பல தளை தட்டும். ஒரு வீட்டுப் புலம்பல் பெயர் மாறி மறுவீட்டில் ஒலிப்பதுமுண்டு. பண்டிதர்கள் நகைப்பர். நகைக்கட்டும்! வாய்விட்டு அழ நாணும் ஆடவனுக்கு அவன் துயரைச் சொல்லாக்கிக் கொடுத்து, அதனைச் சுற்றத்தார் கூடியிருந்து கேட்கவும் செய்தது அந்நூல். பெண்களுக்கு ஒப்பாரி இருந்தது. ஒருத்தி எடுத்த அடியை மற்றொருத்தி தன் துயரோடு சேர்த்துத் தொடர்வாள்.

1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சான்ட்ரா பீல் இருவரும் 46 மாணவரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டனர். நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் செய்தனர். தம் வாழ்வின் துயர நிகழ்ச்சியையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்தெழுதியோர் எழுதியவுடன் கலங்கினர். ஆயினும் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடியது குறைந்தது.

அதற்கு முந்திய ஆண்டு, மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து நயினாதீவு நோக்கி வந்த குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். பின்வந்த போர்க்காலத்தில் பலர் காணாமற் போயினர். காணாமற்போன மகனுக்குத் தாய் திதி வெண்பா பாடுவிப்பாளோ? பாடுவித்தால் அவன் இறந்தானென்று அவளே ஒப்பியதாகும். பழைய கல்வெட்டு இத்துயரின் வாயிலில் நின்றுவிட்டது.

வேறு வழிகள் வேண்டியிருந்தன. யாழ்ப்பாணத்தில் 1987இல் சாந்திகம் என்னும் உளவளத்துணை நிலையம் தோன்றியது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் மருந்தோடு மரபுச் சடங்குகளின் ஆற்றலையும் வற்புறுத்தி எழுதினார். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ நாடகம் போரினாற் புண்பட்ட மனங்களை 1991இல் அரங்குக்குக் கொணர்ந்தது. அரங்கிலும் கூட்டம் உண்டு, கேட்போர் உண்டு.

எழுத்து மட்டும் போதுமென்று நான் கூறேன். 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் பத்துப் பெண்களின் கவிதைகளைத் தொகுத்துச் ‘சொல்லாத சேதிகள்’ என வெளியிட்டது. அப்பதின்மருள் ஒருவர் சிவரமணி. 1991 மே மாதத்தில், தம்மிடமிருந்த கவிதைகளைத் தீயிலிட்டுத் தம்முயிரையும் அவர் மாய்த்துக்கொண்டார். வயது இருபத்துமூன்றைத் தாண்டவில்லை. தீக்குத் தப்பி நண்பர்களிடம் எஞ்சியிருந்தவற்றைச் சித்திரலேகா மௌனகுரு தொகுக்க, 1993இல் அவை ‘சிவரமணி கவிதைகள்’ என்னும் நூலாயின.