புத்திர சுவிகாரமும் நீதிமன்றத் தீர்ப்புகளும்: குமரி மாவட்டக் கிறிஸ்தவர் கடந்து வந்த பாதை

'புத்திர சுவிகாரம்' என்பது நம் சபைகளில் அடிக்கடி ஒலிக்கும் சொல். ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் பவுல் அப்போஸ்தலன் இச்சொல்லை ஆளும்போது, ரோமப் பேரரசின் சட்ட வழக்கத்தை மனத்தில் கொண்டிருந்தார் என்பது வேத ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. அச்சட்டத்தின்படி, சுவிகாரம் பெற்றவன் தந்தையின் பெயருக்கும் சொத்துக்கும் உரியவனானான். ஜூலியஸ் சீசர் சுவிகரித்த ஆக்டேவியனே பின்னர் அகுஸ்து இராயன் ஆனான். ஆயின், இவ்வுபதேசத்தைப் போதிக்கும் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பம் அநாதைக் குழந்தையொன்றைத் தன் பிள்ளையாக ஏற்றால், நம் நாட்டுச் சட்டத்தில் அக்குழந்தைக்கு எந்த இடம் இருந்தது? குமரி மாவட்டத்தின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

வாரிசு யார் என்பது நாஞ்சில் நாட்டில் பழைய வழக்கு. மருமக்கள் வழி முறையால் பெற்ற பிள்ளைகளே தந்தையின் சொத்தை இழந்து நின்ற அவலத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள் வழி மான்மியம்' என்னும் நூலில் அங்கதமாகப் பாடினார். 1926ஆம் ஆண்டின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அந்நிலையை மாற்ற முனைந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பமோ, தன் வழி அற்றுப்போகாதிருக்க 1857இலும் 1900இலும் பெண்மக்களைச் சுவிகரித்தது. அரச குலத்திற்குச் சுவிகாரம் இருந்தது. வேளாளர்க்குச் சட்டம் பிறந்தது. கிறிஸ்தவர்க்கு வாய்த்தது 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் தந்தை இறந்தால், மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்குச் சீதனம் என அச்சட்டம் வகுத்தது. பெற்ற மகளுக்கே இந்நிலை என்றால், வளர்ப்புப் பிள்ளையின் நிலையைக் கூற வேண்டுவதில்லை.

1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்துக்களுக்கெனத் தத்தெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கிறிஸ்தவர், இஸ்லாமியர், பார்சிகள், யூதர் ஆகியோர் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். இவர்களுக்கு எஞ்சியது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே. அதன்படி ஒருவர் குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம். தகப்பன் ஆக இயலாது. பிள்ளை பருவம் எய்தியதும் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துபோகும். வளர்த்தவர் உயில் எழுதி வைத்தால் சொத்து கிடைக்கும். எழுதாது மறைந்தால் உறவினர் வந்து வாசலில் நிற்பர்.

இதற்கிடையே, குமரிக் கிறிஸ்தவரின் சொத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்னும் கேள்வியே நீதிமன்றங்களில் அலைந்துகொண்டிருந்தது. திருவிதாங்கூர்ச் சட்டம் மறைந்துவிட்டது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் எனச் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் கூறியதை 1974ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் காண்கிறோம். அக்கருத்தை ஏற்காத இருவர் அமர்வின் தீர்ப்பு 1978ஆம் ஆண்டின் தொகுப்பில் உள்ளது. மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில், 1986 பிப்ரவரி 24ஆம் நாள் உச்சநீதிமன்றம் இந்த ஐயத்தைத் தீர்த்தது. 1951 ஏப்ரல் 1 முதலே திருவிதாங்கூர்ச் சட்டம் செயலற்றுப் போயிற்று என்றது அத்தீர்ப்பு. மகளும் மகனும் சமமாயினர்.

இத்தீர்ப்பு மகளுக்குக் கதவைத் திறந்தது. சுவிகாரப் பிள்ளைக்குத் திறக்கவில்லை. ஏனெனில் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உறவை இரத்தத்தால் அளக்கிறது. ஒரே மூதாதையின் வழிவந்தோரே அதன் பார்வையில் உறவினர். பெறாத பிள்ளைக்கு அவ்வரிசையில் இடமில்லை. எல்லா மதத்தாருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா 1972இல் மாநிலங்களவைக்கு வந்தும், எதிர்ப்பினால் 1978இல் திரும்பப் பெறப்பட்டது. 1980இல் வந்த மசோதாவும் சட்டமாகவில்லை.

சட்டமன்றங்கள் தயங்கிய இடத்தில் நீதிமன்றங்கள் முன்வந்தன. கிறிஸ்தவருக்கெனத் தனிச் சட்டம் இல்லை என்பதாலேயே தத்தெடுப்பு செல்லாததாகிவிடாது என்றும், அவ்வாறு ஏற்கப்பட்ட மகனுக்கு வாரிசுரிமை உண்டு என்றும் கேரள உயர்நீதிமன்றம் கூறியது. 1999ஆம் ஆண்டின் தொகுப்பில் உள்ள தீர்ப்பு அது. கைவிடப்பட்ட குழந்தைக்குக் குடும்பம் கிடைப்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு இணைந்தது எனப் பம்பாய் உயர்நீதிமன்றமும் கருதியது. 2000ஆம் ஆண்டில் இளைஞர் நீதிச் சட்டம் பிறந்தது. 2006இன் திருத்தம் தத்துப்பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் எல்லா உரிமைகளையும் வழங்கியது. எந்த மதத்தினரும் இச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என 2014 பிப்ரவரி 19ஆம் நாள் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஆயினும் தத்தெடுப்பதை அடிப்படை உரிமையாக அறிவிக்க அது இசையவில்லை.

2015ஆம் ஆண்டின் புதிய சட்டமும் இவ்வழியையே பின்பற்றுகிறது. 2022 செப்டம்பர் முதல், தத்து ஆணையை வழங்குபவர் நீதிபதி அல்லர், மாவட்ட ஆட்சியரே. அவ்வாணையால் பாதிக்கப்பட்டோர் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இங்கே நம் சபையார் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். கைவிடப்பட்ட குழந்தையையோ, பெற்றோர் ஒப்படைக்க விரும்பும் குழந்தையையோ சட்டமுறைக்குப் புறம்பாகத் தத்தாக வாங்குவதும் கொடுப்பதும், இரக்கத்தால் செய்யப்படினும், தண்டனைக்குரிய குற்றமே. குழந்தைகள் நலக் குழுவை அணுகுவதே நேரிய வழி.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கிருபையால் சுவிகாரம் பெற்ற மக்கள் என நம்மைக் கூறிக்கொள்ளும் நாம், சுவிகாரப் பிள்ளையின் உரிமைக்காக நெடுங்காலம் குரல் எழுப்பாதிருந்தோம். மகள்களுக்குச் சமபங்கு வந்தபோதும் கேரளத்தில் சபைத் தலைவர் சிலர் கலங்கினர் என்பதை மறக்கலாகாது. சட்டம் இன்று இரத்தத்தைத் தாண்டி உறவை ஏற்கிறது. ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையின் பெயர் சொல்லப்படும்போது, 'இது யார் வீட்டுப் பிள்ளை?' என்னும் முணுமுணுப்பு நம் ஆலயங்களில் இன்னும் எழுமாயின், சட்டம் கடந்துவிட்ட தூரத்தை நம் இருதயம் இன்னும் கடக்கவில்லை என்பதே பொருள்.